சித்தப்பா சொன்னபடி

ஜூன் 13, செவ்வாய்

சித்தப்பா நேற்றுக் காலை இறந்துபோனார். நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

தினம் ஐந்து வரியாவது எழுதாமல் படுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எனக்கு ஏழு வயதில் போட்டது. எழுதியதை மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே வாசிப்பார், பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் சுழிப்பார். நாற்பத்தொரு வயதிலும் இது நடந்தது. அச்சகத்தில் தங்கமாரி இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். இன்றைய பக்கத்தைத் திருத்த ஆள் கிடையாது. இனி யார் வாசிப்பார்கள் என்றும் தெரியாது. ஆகவே முன்பின் தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

என் பெயர் ராஜகனி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைரி பைண்டிங் பிரிவில் வேலை. இந்த டைரியும் அங்கே கழித்துப்போட்டதுதான், அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவின் தம்பி தனுஷ்கோடி, காது கேளாதோர் பள்ளியில் வாத்தியார். என்னை அதே பள்ளியில் சேர்த்து எழுத்தையும் கைப்பேச்சையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அண்ணன், மதினி, சித்தப்பா, நான். அண்ணன் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அண்ணனுக்கும் மதினிக்கும் கைப்பேச்சு தெரியாது. தேவைப்படவே இல்லை. அவர்கள் சொல்வதை சித்தப்பா எனக்குச் சொல்வார், நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்வார்.

நேற்று வீடு நிறைய ஆட்கள். எல்லார் வாயும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று வழக்கம்போல சித்தப்பா பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை அப்படித் திரும்பினேன். புத்தி கெட்டவள்.

மேளம் தரை வழியாக என் காலுக்கு வந்துகொண்டிருந்தது. யாரோ கையில் குடத்தைத் திணித்தார்கள். புழக்கடைக்குப் போய்த் தண்ணீர் பிடித்தேன். பாதிக் குடம் நிறைவதற்குள் காலடி அதிர்வு மெலிந்துபோனது. போட்டது போட்டபடி ஓடிவந்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. எடுக்கப் போகிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்கிறவரைத்தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தெருவில் நின்று கத்தினேன். ஒரு குழந்தை அதன் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. துக்க வீட்டில் குழந்தைகள் பயப்படுவது சகஜம்தான்.

ஜூன் 15, வியாழன்

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவருடைய இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறாராம். நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டு, அவிழ்த்துவிடச் சொல்லி ஜாடை காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. நேரமாயிற்று, வெளியே போ என்று வாசலைக் காட்டினாள். ஊமையின் வாயைக் கட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. சித்தப்பாவின் கையைக் கட்டினால் எனக்கு உலகமே நின்றுபோகும். இதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்ல?

கட்டுக்குள்ளிருந்து விரல்கள் மட்டும் அசைந்தன. என் பெயரைச் சொன்னார். இடது கன்னத்து மச்சத்தைக் கிள்ளுவதுபோல இரண்டு விரலைச் சேர்த்தால் நான். அவர் வைத்த பெயர். அதற்கப்புறம் உள்ளங்கையைத் திருப்பி எதையோ தொடங்கினார். பாதிச் சொல்தான் வந்தது. தண்ணீர் கேட்டிருப்பார். உதடெல்லாம் வறண்டு கிடந்தது.

அவருக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர், விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தேய்த்து உதறுவது. இன்று காலை என்னையறியாமல் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் மதினி நின்றாள். கையில் அழுக்கென்று நினைத்துத் துண்டை நீட்டினாள்.

ஜூன் 18, ஞாயிறு

மதினிக்கு என் மேல் என்ன வருத்தமோ. முன்பெல்லாம் காபி கொண்டுவரும்போதே, நல்லா தூங்கினாயா என்று மதினி கேட்பதாக சித்தப்பா சொல்வார். சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் என்பார். தீபாவளிச் சேலை எடுத்தால், கனிக்குத்தான் இந்த நிறம் பொருந்தும் என்று மதினியே தேர்ந்தெடுத்தாள் என்பார். இப்போது டம்ளரை வைத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறாள். என்னைக் கூப்பிட சித்தப்பா விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார். இன்று முதுகில் ஈரத்துண்டு வந்து விழுந்தது.

அவளும் துக்கத்தில் இருக்கிறாள். மாமனார் ஸ்தானத்தில் இருந்தவர் அல்லவா.

ஜூன் 19, திங்கள்

வேலைக்குப் போனேன். தாள் வந்தது, மடித்தேன்.

ஜூன் 22, வியாழன்

தங்கமாரி என் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். எதிரில் இருப்பவர் பேசினால் அதுவே எழுத்தாக வந்து நிற்கிறது. இத்தனை நாள் இதெல்லாம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சித்தப்பாவுக்குப் பிடிக்காது. அந்த எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக வரும், வாசித்தால் உன் தமிழ் கெட்டுவிடும், நான் எதற்கு இருக்கிறேன் என்பார்.

தங்கமாரி போனுக்கு முன்னால் வாயசைத்தாள். “கனியக்கா சாப்டியா, மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கெடக்கு” என்று வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் சொன்னது அப்படியே, அவள் சொன்ன மாதிரியே வந்துவிட்டதே.

நானும் பேசிப் பார்த்தேன். எனக்குச் சில வார்த்தைகள் வரும். சின்ன வயதில் சித்தப்பா என் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவார். அப்புறம் வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, “ப்பா” என்று ஊதுவார். காகிதம் துள்ளும். என் வாய்க்கு முன்னால் அது துள்ள ஒரு வருஷம் ஆனது. துள்ளிய அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றி வந்தார். கடைக்காரருக்குக்கூடப் புரிகிற அளவு தெளிவாகப் பேசுகிறாய் என்று எப்போதும் சொல்வார்.

போனை வாயருகே வைத்து “சித்தப்பா” என்றேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன். தங்கமாரி பட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை வெள்ளையாகவே இருந்தது.

புதுக் கருவி. பழக வேண்டும்.

ஜூன் 24, சனி

சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து மதினியோடு பேசினாள். போன் என் மடியில் இருந்தது. பழகிப் பார்க்கத்தான் திறந்து வைத்தேன், ஒட்டுக்கேட்க இல்லை. எனக்கு ஒட்டுக்கேட்கத் தெரியுமா என்ன.

“சின்ன மாமா இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்ல. இனி இது என் தலையிலதான். கூப்ட்டா திரும்பாது, சொன்னா புரியாது. கத்துச்சுன்னா எனக்குக் குலை நடுங்குது. பிள்ள லீவுக்கு வரவே யோசிக்கிறா.”

“அதுக்கு உன் மேல பாசம்னு பெரியவர் சொல்வாரே.”

“பாசமா? சரியான அகராதி புடிச்சது. ஒரு நாள் ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. எல்லாம் மாமா சொல்றதுதான்.”

கருவி தப்பு செய்கிறது என்றுதான் நினைத்தேன். அது தப்புத் தப்பாக எழுதும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறாரே. கூடத்துக்கு வந்து டிவியைப் போட்டு, கீழே எழுத்து ஓடும் செய்திக்கு முன்னால் போனை வைத்தேன். அங்கே ஓடியதும் இங்கே வந்ததும் ஒன்றுதான்.

வெண்டைக்காயை ரொம்பச் சின்னதாக நறுக்கிவிட்டேனாம். மதினி தட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 27, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம். படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த அதிரசம் வைத்துப் படைத்தோம். போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

துட்டி கேட்க சாத்தூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அடையாளம் தெரிந்தது. ரத்தினவேலின் அக்கா. யார் ரத்தினவேல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தாறு வயதில் பெண் பார்க்க வந்தவர். சாத்தூரில் சேவுக்கடை. ஒரு காலில் போலியோ, இரும்புப் பட்டை மாட்டியிருப்பார்.

அந்த அம்மாள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“பெரியவர் தங்கமான மனுஷன். நம்ம சம்பந்தம் கூடி வந்திருக்கணும், வரல. எங்க தம்பிக்கு அம்புட்டு இஷ்டம். பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு பெரியவர் வந்து சொன்னப்ப ஒரு வாரம் கடைக்கே போகல அவன். கால் இப்படி இருக்கறதாலதான்னு நாங்களே நெனச்சுக்கிட்டோம். ரெண்டு வருஷம் வேற பொண்ணே பாக்க விடலயே.”

“மாமாவும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாராம். வேண்டாம்னு ஒரே பிடியா நின்னுட்டா.”

“இப்ப அவனுக்கு ரெண்டு பிள்ளைக. நல்லா இருக்கான். இந்தா, கடைச் சேவு. குடுத்துவிட்டான்.”

நான் வேண்டாம் என்றேனா?

அன்றைக்கு நடந்தது இது. நான் காபித் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேச்சு ஒன்றும் இல்லை. தன் கால் பட்டையை விரலால் தட்டிக் காட்டினார், அப்புறம் என் காதைக் காட்டினார், இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரித்தார். நமக்கு ஆளுக்கொரு குறை, சரிக்குச் சரி என்கிறார். யாரும் எடுத்துச் சொல்லாமல் எனக்கே புரிந்தது. நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு சித்தப்பா என் அறைக்கு வந்தார். ‘அவருக்கு இஷ்டமில்லை. காது கேட்கிற பெண்தான் வேண்டுமாம்.’ அப்படியானால் அந்தச் சிரிப்பு என்ன என்று கேட்டேன். ‘உனக்கு முகம் பார்க்கத் தெரியவில்லை. பரிதாபத்தைச் சிரிப்பு என்று நினைத்துவிட்டாய்’ என்றார். அன்றிலிருந்து யார் முகத்தைப் பார்த்தாலும் சித்தப்பாவிடம் ஒரு தடவை கேட்காமல் எதையும் நம்புவதில்லை.

எனக்கொன்றும் இல்லை. பழைய கதை. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

ஜூன் 28, புதன்

எழுத ஒன்றுமில்லை. சேவு டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒரு பிடி மட்டும் எடுத்துக்கொண்டேன். மிளகு தூக்கலாக இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

அண்ணன் கடைக்குப் போகாத நாள். ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: சாத்தூர் மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதாக உனக்கு யார் சொன்னது?

போனை அவன் முன்னால் வைத்தேன். முதலில் அதைப் பார்த்தே எரிச்சல்பட்டான். அப்புறம் பேசினான்.

“சித்தப்பாதான் சொன்னாரு. வேற யாரு சொல்வா? உன் பாஷை அவருக்குத்தான தெரியும்.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதினேன். அவன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

“எதுக்கு இப்ப இதெல்லாம்? செத்த மனுஷன் மேல பழி போடாத கனி. உனக்காகவே வாழ்ந்தவரு.”

நான் விடவில்லை. அம்மா செத்த அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது என்ன என்று கேட்டேன்.

“எல்லாம் விதி, நீ மனசத் தேத்திக்கன்னு சொன்ன. பெத்த தாய் கெடக்கும்போது இம்புட்டுக் கல்லா இருக்காளேன்னு எனக்கு அப்பவே விட்டுப்போச்சு.”

நான் அன்றைக்குச் சொன்னது வேறு. மூன்று நாள் நெஞ்சுவலி என்று சொன்னவளை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, நீதான் கொன்றாய் என்று அவன் முகத்துக்கு நேரே கையை வீசிச் சொன்னேன். சித்தப்பா திரும்பி அண்ணனிடம் ஏதோ பேசினார். அப்புறம் என்னிடம் சொன்னார்: ‘அண்ணன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறான்.’ நான் மன்னித்தேன். அவன் தோளைத் தொட்டுக்கூடக் கொடுத்தேன்.

இதையும் எழுதிக் காட்டினேன். அண்ணனின் முகம் வெளிறிப்போனது.

“நான் எப்ப மன்னிப்புக் கேட்டேன்?”

எழுந்து வெளியே போய்விட்டான். சாப்பிடவும் வரவில்லை.

எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் இந்த வீட்டில். மதினியின் சமையலைப் பழித்திருக்கிறேன், அவள் தம்பி கல்யாணத்துக்கு என்னை விட்டுவிட்டுப் போனதற்குக் கூடத்தில் நின்று ஏசியிருக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமை அவள் கட்டிய மல்லிகைச் சரத்துக்கு மனசாரப் பாராட்டும் சொல்லியிருக்கிறேன். எது யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ. இத்தனை வருஷமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் இவர்களைத் தெரியாது. எல்லாருக்கும் சித்தப்பாவைத்தான் தெரியும்.

ஜூலை 5, புதன்

சிவப்புப் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டேன். சாயங்காலம் கிளறி எடுத்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

ஏதாவது காரணம் இருந்திருக்கும். மாப்பிள்ளை குடிப்பவராக இருந்திருக்கலாம். சித்தப்பா விசாரித்திருப்பார், என்னிடம் சொல்ல மனசு வந்திருக்காது. காது கேட்காதவள் வேற்று வீட்டில் போய் என்ன பாடுபடுவாளோ என்று பயந்திருப்பார். அங்கே எனக்குச் சொல்ல ஆள் ஏது?

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார், விட்டால் நான் எங்கேயோ போய்விடுவேன் என்பது மாதிரி. எனக்கு நேர்ந்ததை நினைத்துத்தான் மனுஷர் இப்படி உருகுகிறார் என்று, என் அழுகையை நிறுத்திக்கொண்டு அவரைத் தேற்றினேன்.

இன்று ஆல்வின் சார் வந்திருந்தார். பள்ளியில் சித்தப்பாவிடம் பயிற்சி எடுத்த இளம் வாத்தியார். நன்றாகக் கைப்பேச்சு பேசுவார். அவர் என் பெயரைச் சொன்னார், தன் கன்னத்தைக் கிள்ளி. சித்தப்பா போன பிறகு என் பெயரை இன்றுதான் பார்க்கிறேன். அழுதுவிட்டேன்.

அடுத்த மாதம் பள்ளியில் சித்தப்பாவுக்குப் படத்திறப்பாம். ‘சாரின் முதல் மாணவி நீங்கள், வீட்டுப் பெண்ணும் நீங்கள். நீங்கள் கையால் பேசுங்கள், நான் வாயால் சொல்கிறேன்’ என்றார். சரி என்றேன்.

ஜூலை 30, ஞாயிறு

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். இரண்டு விதமாக. முதலாவதில் அவர் தெய்வம். கைகள் தங்குதடையில்லாமல் ஓடின. இரண்டாவதைப் பேசும்போது சாத்தூர் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை முயன்றேன்.

முதலாவதையே பேசிவிடலாம். செத்தவரை என்ன செய்ய முடியும்? அண்ணன் இப்போதெல்லாம் என் கண்ணில் படாமல் நடமாடுகிறான்.

ஆகஸ்ட் 5, சனி

கூட்டம் முடிந்து வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

முன்வரிசைகளில் பள்ளிப் பிள்ளைகளும் பழைய மாணவர்களும். பின்னால் நாற்காலிகளில் காது கேட்கிறவர்கள்: வாத்தியார்கள், ஊர்ப் பெரியவர்கள், அண்ணன், மதினி. படத்தில் சித்தப்பா சாக்பீஸோடு நிற்கிறார். என் பக்கத்தில் ஆல்வின் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டார். என் போன் மேசைமேல் திறந்து கிடந்தது. எல்லார் பேச்சையும் அப்புறம் வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

முதலாவதைத்தான் தொடங்கினேன். காகிதம் துள்ளிய கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு படத்தைத் திரும்பிப் பார்த்தேன். என்னவோ ஆகிவிட்டது. கைகள் தாமாகவே மற்றதற்குப் போய்விட்டன.

நான் சொன்னது இது. இவர் எனக்கு எழுத்தைக் கொடுத்தார், நான் படிக்கும் ஒவ்வொரு வார்த்தையும் இவர் போட்ட பிச்சை. இவரை மாதிரி என்னை யாரும் நேசித்ததில்லை. இவர் எனக்குப் பொய் சொன்னார். என் வீட்டார் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார், நான் சொன்னதைச் சொல்லாமல் விழுங்கினார். என் கண்ணையே நான் நம்பாதபடி செய்தார். எனக்கு வந்த ஒரு மாப்பிள்ளையிடம் நான் சொல்லாத பதிலைச் சொல்லி அனுப்பினார். என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கையைக் கட்டியிருந்தபோது என்னிடம் எதையோ சொல்லப் பார்த்தார். அது தண்ணீரா, மன்னிப்பா, எனக்குத் தெரியாது. தெரியாமலே நானும் செத்துப்போவேன். எனக்கு இவர் மேல் தாங்க முடியாத கோபம். இவர் இல்லாமல் என்னால் இருக்கவும் முடியவில்லை.

முன்வரிசைகளில் ஒரு கை அசையவில்லை. என்னோடு படித்த தூத்துக்குடிக்காரி எழுந்து நின்றுவிட்டாள். பழைய மாணவர் ஒருவர் மட்டும், ‘செத்தவரை இப்படிச் சொல்வது பாவம்’ என்று கோபமாகக் கை காட்டினார்.

பின்னால் நாற்காலிகளில் எல்லாரும் அழுதார்கள். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கீழே இறங்கியதும் அண்ணன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பஸ்ஸில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டே வந்தாள்.

இத்தனையும் கேட்ட பிறகும் இப்படியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் மனுஷர்கள் தாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது. சித்தப்பாதான் வீணாகப் பயந்திருக்கிறார். மனசு லேசாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையில் மதினி எனக்கென்று பணியாரம் சுட்டாள். தின்றுகொண்டே நேற்றைய பேச்சுகளைப் போனில் வாசித்தேன். தலைமையாசிரியர், ஊர்த் தலைவர், அப்புறம் நான். காகிதக் கதை சரியாகவே வந்திருந்தது. அதற்கப்புறம் என் பேச்சு என்று ஆல்வின் சார் மைக்கில் சொன்னது இது:

“எங்க சித்தப்பா எனக்குத் தெய்வம். எனக்கு எழுத்தக் குடுத்தவரு. என்ன மாதிரி பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையையே குடுத்தவரு. எங்க வீட்ல எல்லாரையும் அன்பால கட்டி வச்சிருந்தாரு. எனக்குக் கல்யாணம் கூடி வந்தப்பகூட, சித்தப்பாவ விட்டுட்டுப் போக மாட்டேன்னு நான்தான் சொல்லிட்டேன். அண்ணனும் மதினியும் என்னப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறாங்க. கடைசி நேரத்துல அவரு கையால என்ன ஆசீர்வாதம் பண்ணாரு. அவரு இல்லாம என்னால இருக்க முடியல.”

எழுத்தைப் பற்றிய வரியும் கடைசி வரியும்தான் என்னுடையவை.

பாதிப் பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

அச்சகத்திலிருந்தே ஆல்வின் சாருக்குச் செய்தி அனுப்பினேன். நான் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மத்தியானம் பதில் வந்தது.

“மன்னிச்சுக்கங்க அக்கா. படத்துக்கு முன்னால, உங்க வீட்டாரை வச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது? நீங்க துக்கத்துல இருக்கீங்க. நாளைக்கு நீங்களே வருத்தப்படுவீங்க. முதல் நாள் பயிற்சியிலேயே சார் எங்களுக்குச் சொன்னது இதுதான்: நடுவுல நிக்கிறவன் ரெண்டு பக்கமும் மனசு நோகாமப் பாத்துக்கணும். நான் அவர் சொன்னபடிதான் செஞ்சேன்.”

ஒரு மனுஷர் செத்து, எரிந்து, சாம்பலை ஆற்றில் கரைத்த பிறகும் என் பேச்சை அவர்தான் பேசுகிறார்.

வீட்டுக்கு வந்தேன். விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. உயிரே போய்விட்டது எனக்கு. திரும்பினால் மதினி சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறாள். சித்தப்பா செய்வதைப் பார்த்திருக்கிறாள். என்னை உட்காரவைத்து, தானே என் போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துப் பேசினாள்.

“உன்ன நான் என்னமோன்னு நெனச்சிட்டேன் கனி. எங்க மேல உனக்கு இம்புட்டுப் பாசம் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. சனிக்கிழம நீ சொன்னதக் கேட்டதுலருந்து எனக்கு மனசே ஆறல. இனிமே உன்ன நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத.”

‘இது’ என்று சொன்ன வாய் ‘அம்மா’ என்கிறது. இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். தினமும் பணியாரம், தோளில் கை, தீபாவளிக்கு என் நிறத்தில் சேலை. சித்தப்பா எத்தனை ஆயிரம் தடவை இந்த இடத்தில் நின்றிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

போனை வாங்கித் தட்டினேன். “நான் அப்படிச் சொல்லவில்லை மதினி. ஆல்வின் சார் மாற்றிச் சொல்லிவிட்டார்.”

அவள் வாசித்தாள். என் தோளில் இருந்த கை விலகியது. முகம் இறுகியது. சித்தப்பா இல்லாமலே அந்த முகத்தை எனக்கு வாசிக்க முடிந்தது. ஏமாந்துவிட்டோம் என்ற கோபம்தான், வேறொன்றும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். சரி, அவ்வளவுதான், நாளையிலிருந்து ஈரத்துண்டுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் கரண்டி. போனைப் பார்த்துக் கோபமாக ஏதோ கேட்டாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அப்ப நீ என்னதான் சொன்ன?”

இந்த வீட்டில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொல்லி ஜாடை காட்டினேன். அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள், கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு. போனில் தட்ட வேண்டாம் என்று தோன்றியது. தாளும் சித்தப்பாவின் சிவப்புப் பேனாவும் எடுத்தேன். முதல் வரி எழுதவே வெகுநேரம் ஆனது. அவள் எழுந்து போகவில்லை.

எனக்கு அந்தச் சாத்தூர் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது மதினி, என்று எழுதினேன்.